ராணியைத் தொட்ட கை

எங்கள் கிளினிக்கின் பின்பக்கத்துப் பைப்படியில் ஒரு பால்மா ரின் இருக்கிறது. மூடி துருப்பிடித்துவிட்டது. வெளியில் ஒட்டியிருந்த தாளில் பசுவின் கொம்புகளும் கொஞ்சம் புல்லும்தான் மிச்சம். உள்ளே முக்கால்வாசிக்கு மண் இருக்கிறது. அரிதட்டில் அரித்து, கல்லும் வேரும் நீக்கிய மெல்லிய மண். நாய்களைக் கொண்டுவருகிறவர்கள் காத்திருக்கிற நேரத்தில் பின்னுக்கு வந்து அதைத் திறந்து பார்ப்பார்கள். பூக்கன்று வைக்கப்போகிறீர்களா என்று கேட்பார்கள். பூனைக்கா என்று கேட்பார்கள். போன வருடம் ஒருவர் அதற்குள் சிகரெட்டை அணைத்துவிட்டார். அன்றைக்கு நான் போட்ட சத்தம் துறைமுகம் வரைக்கும் கேட்டிருக்கும். பாதி முடி வெட்டிய நிலையில் அவருடைய பொமரேனியனைத் தூக்கிக் கையில் கொடுத்து வெளியே போகச் சொன்னேன். பிறகு நாயை நினைத்துப் பாவப்பட்டு, நானே கூப்பிட்டு மற்றப் பாதியையும் வெட்டிவிட்டேன். அவர் கேட்ட மன்னிப்பை மட்டும் இன்னும் ஏற்கவில்லை.

நாய் குளிப்பாட்டுவதும் நாய்க்கு முடி வெட்டுவதும் என் தொழில். சொந்த ஊர் சல்லி, கடலுக்குப் போகிற குடும்பம். வீட்டு வேலைக்கென்று துபாய்க்குப் போனேன். போன வீட்டில் பிள்ளைகளைவிட நாய்கள் அதிகம். ஒப்பந்தம் முடிந்த பிறகு அங்கேயே ஒரு நாய் சலூனில் சேர்ந்து கத்தரியும் சீப்பும் பிடிக்கப் பழகினேன். ஊருக்குத் திரும்பியபோது கையில் இருந்தது அந்த ஒரு தொழில்தான். "இதைப் படிக்கவோ கடல் கடந்து போனனீ?" என்று அம்மா தலையில் கைவைத்தார். நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் என்று பழமொழியைத் தொடங்காத ஆள் எங்கள் தெருவில் இல்லை. தொடங்குவார்கள், நான் முடிக்க விடமாட்டேன். அந்த நாட்களில் என்னைக் கூப்பிட்டு வேலை தந்தவர் டொக்டர். உட்துறைமுகத்தை நோக்கி இறங்குகிற ஒரு சந்தில் அவருடைய கிளினிக் இருந்தது. முன் அறையில் அவர் ஊசி போடுவார், மருந்து கொடுப்பார். பின் அறையை எனக்கு ஒழித்துத் தந்தார். என் கத்தரிப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "என்ட பெட்டியைவிட இது பெரிசு" என்று சிரித்தார்.

டொக்டர் கிண்ணியாக்காரர். காலையில் மோட்டார்சைக்கிளில் கிண்ணியாப் பாலத்தைக் கடந்து வருவார், மாலையில் பாலத்தைக் கடந்து போவார். மாடும் எருமையும் நிறைந்த ஊரில் பிறந்தவர், மாட்டுக்காகத்தான் படித்தவர். பட்டணத்தில் கிளினிக் போட்டபோது வந்தது முழுக்க நாய். சொந்தக்காரர்கள் அவரை நாய் டொக்டர் என்று முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டார்கள். என் ஆட்கள் எனக்குப் பழமொழி சொன்னார்கள். இரண்டு பேருக்கும் சொந்தச் சனத்திடம் கிடைத்த மரியாதை ஒன்றுதான் என்பதால் எங்களுக்குள் நன்றாக ஒத்துப்போனது. அவர் ஐந்து நேரம் தொழுகிறவர். நாயின் ஈரம் மேலில் பட்டால் பட்ட இடத்தை ஏழு தரம் கழுவவேண்டும், அதில் ஒரு தரம் மண்ணோடு என்பது அவர்கள் முறை. காய்ந்த நாயைக் காய்ந்த கையால் தொட்டால் ஒன்றுமில்லை. அதனால் ஈர வேலைக்கெல்லாம் கையுறை போட்டுக்கொள்வார். எப்படியும் ஒரு சொட்டு எங்கேயாவது தெறித்துவிடும். அப்போது பின்னால் போய், ரின்னில் இருந்து ஒரு பிடி மண் எடுத்துத் தண்ணீரில் குழைத்து, முழங்கை வரை பூசிக் கழுவுவார். பிறகு ஆறு தரம் வெறும் தண்ணீர். முதன்முதல் அதைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. நாள் முழுக்க நாயின் ஈரத்தில் நிற்கிறவள் நான், அப்படியானால் நான் யார் என்று தோன்றியது. என் முகத்தைப் பார்த்தே அவருக்கு விளங்கியிருக்கவேண்டும். "நாயில பிழையில்ல தங்கச்சி, உங்களிலயும் பிழையில்ல. தொழப் போறவன் கழுவிட்டுப் போறான், அவ்வளவுதான்" என்றார். அதற்குப் பிறகு அது எனக்கு மணி அடிப்பது மாதிரி ஆகிவிட்டது. பின்னால் தண்ணீர் விட்டு விட்டு விழும் சத்தம் கேட்டால் அஸர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது, நான் தேநீர் வைக்கலாம்.

மண்ணை அவர் கிண்ணியாவில் இருந்து கொண்டுவருவார். இங்கே வளவு நிறைய மண் கிடக்கிறதே என்று கேட்டேன். "இந்த மண்ணில எத்தனை நாய் கால் தூக்கிச்சோ, ஆருக்குத் தெரியும்?" என்றார். நியாயமான கதை. வீட்டுக் கிணற்றடிக்கு அப்பால் கிடக்கிற மண்ணை அரித்து, காயவைத்து, ரின்னில் நிரப்பி, மோட்டார்சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார்.

அப்படியிருக்கும்போதுதான் லண்டன் அன்ரி இரண்டு நாய்களோடு வந்து சேர்ந்தார். கணவர் இறந்த பிறகு லண்டன் வீட்டை விற்றுவிட்டு, உப்புவெளியில் கடலோரமாக வீடு கட்டிக்கொண்டு வந்தவர். கொண்டுவந்த நாய்கள் ஒரே தாயின் வயிற்றில் ஒரே நாளில் பிறந்தவை. அண்ணன் ராசாவுக்கு உச்சி முதல் கால் வரை பட்டு மாதிரி வெள்ளை முடி, நடந்தால் நிலத்தைக் கூட்டும். தங்கச்சி ராணிக்கு உடம்பில் ஒரு மயிர் இல்லை. தலையில் ஒரு குடுமி, பாதங்களில் கொஞ்சம், வால் நுனியில் ஒரு குஞ்சம், அவ்வளவுதான். மற்றதெல்லாம் வெறும் தோல், சாம்பல் நிறமும் இளஞ்சிவப்புமாகத் திட்டுத் திட்டாக. அந்தச் சாதியில் ஒரே ஈற்றில் இரண்டு விதமும் பிறக்கும் என்று துபாயில் பார்த்திருந்தேன். டொக்டர் புத்தகத்தில் பார்த்திருந்தார். எங்கள் சந்துச் சனம் எதிலும் பார்த்ததில்லை. ராணியைக் கண்டதும் பக்கத்துக் கடைக்காரர், "உரிச்ச இறால் மாதிரியெல்லோ கிடக்கு" என்றார். அன்ரி ஒரு கிழமை அந்தக் கடைப்பக்கம் போகவில்லை.

இரண்டுக்கும் செய்கிற வேலை ஒன்றுக்கொன்று நேர் எதிர். ராசாவின் முடியைக் காய்ந்தபடி சீவினால் முறியும். முதலில் தண்ணீரைப் பூவாக விசிறி, வகிடு பிரித்து, நுனியில் இருந்து தோலை நோக்கி அடுக்கு அடுக்காகச் சீவவேண்டும். காதுக்குப் பின்னாலும் கால் இடுக்கிலும்தான் சிக்குப் பிடிக்கும். சிக்கு எடுக்காமல் குளிப்பாட்டினால் அது கம்பளித் துண்டாக இறுகிவிடும். உப்புக்காற்றில் வளர்கிற நாய் என்பதால் சிக்கு இரட்டிப்பு. வெக்கை தாங்கமாட்டான் என்று அன்ரி ஒரு சித்திரையில் அவனை மொட்டையடிக்கச் சொன்னார். நான் மறுத்துவிட்டேன். அந்த முடிதான் அவனுக்குக் குடை. ராணிக்குக் குடை இல்லை. பத்து மணி வெயிலில் அவளை முற்றத்தில் விட்டால் பின்னேரம் முதுகு சிவந்துவிடும். மெல்லிய பருத்திச் சட்டை போடவேண்டும், கம்பளி ஆகாது. எண்ணெய் வைக்கக்கூடாது, வைத்தால் முதுகெல்லாம் கரும்புள்ளி முளைக்கும். இதமான தண்ணீரில் கழுவி, மென்துணியால் மெல்லத் தேய்த்து, ஈரம் இருக்கும்போதே தண்ணீர்ப்பதமான கிரீமைப் பூசி ஊறவிடவேண்டும். அவளைத் தூக்கினால் காய்ச்சல்காரப் பிள்ளையைத் தூக்குவது போல் இருக்கும். முடியில்லாத நாயின் சூடு நேராக நம் கைக்கு வரும். முதல் முறை தூக்கியபோது எனக்கு உடம்பு கூசியது. பிறகு அந்தச் சூடு பழகிப்போய், மழைக்காலத்தில் அவள் வரமாட்டாளா என்று இருக்கும்.

டொக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு ஈரத்தோடு தொட்ட ஒரே நாய் ராணி. மற்ற நாய்களின் தோலைக் கண்ணால் பார்த்தால் போதும். இவளுடையதைக் கையால்தான் பார்க்கவேண்டும், எந்த இடம் கூடச் சூடு, எந்த இடம் சொரசொரப்பு, எங்கே கடுகளவு கட்டி என்று விரல் நுனிக்குத்தான் தெரியும். ரப்பருக்குள் இருக்கிற விரல் செவிடு என்பார் அவர். நான் குளிப்பாட்டி முடித்ததும் அவர் வந்து, கண்ணை மூடிக்கொண்டு, கழுத்தில் இருந்து வால் வரை மெல்லத் தடவிக்கொண்டு போவார். ராணி மூச்சுவிடும் சத்தம் மட்டும் கேட்கும். அவள் உடம்பு எப்போதும் ஈரமாக, கிரீமோடு இருக்கும். ஆகவே ஒவ்வொரு முறையும் அவருக்கு ரின்னும் மண்ணும் ஏழு தரத் தண்ணீரும் உறுதி. அவர் பைப்படிக்குப் போனால் ராணியும் பின்னால் போய், தண்ணீர் தெறிக்காத தூரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். கடைசித் தண்ணீர் ஊற்றியதும் அவர் சட்டைப்பையில் இருந்து ஒரு பிஸ்கற் துண்டை எடுத்து அவள் முன்னால் போடுவார். எண்ணத் தெரிந்த நாய் அவள் ஒருத்திதான் என்று நாங்கள் சொல்லிச் சிரிப்போம்.

ஒரு முறை ராணியின் நெற்றித் தோல் வெளிறி, வெடித்து, கோடு கோடாக உரிந்தது. கிரீமை மாற்றினோம், சோப்பை மாற்றினோம், அடங்கவில்லை. டொக்டர் அந்தக் கோடுகளைத் தடவிப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மூன்று கோடு, பக்கம் பக்கமாக. விளங்கிவிட்டது. அன்ரி காலையில் சாமி கும்பிட்டுவிட்டு ராணிக்கும் திருநீறு பூசுகிறார். சாம்பல் தோலின் ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது. "நான் சொன்னா வேற கதையாப் போயிரும் தங்கச்சி. நீங்க சொன்னா வீட்டுக் கதை" என்றார். நான்தான் சொன்னேன். ராசாவுக்குப் பூசுங்கள், அவனுக்கு முடி இருக்கிறது, தாங்குவான் என்றும் சொன்னேன். அன்ரி ராணியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். "அவனுக்கு எல்லாம் இருக்குப் பிள்ளை. இவளுக்குத்தானே மேலில ஒண்டுமில்லை. அதுதான் திருநீறாவது இருக்கட்டும் எண்டு..." என்றார். கண் கலங்கியிருந்தது. கடைசியில் ராணியின் கழுத்துப்பட்டியில் திருநீற்றைப் பூசுவது என்று ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். தோல் ஆறியது.

ஆனால் டொக்டரின் தோல் ஆறவில்லை. மண்ணும் தண்ணீரும் மாறி மாறிப் பட்டு அவர் கைகள் வெடித்திருந்தன. விரல் இடுக்குகளில் இரத்தம் கசியும். ஊரில் உள்ள நாய்களின் சொறியையெல்லாம் மாற்றுகிறவர் தன் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு நிற்பார். அன்ரிக்குத் திருநீற்றைப் பற்றி என்னால் சொல்ல முடிந்தது. அவருக்கு மண்ணைப் பற்றி நான் எப்படிச் சொல்ல? அது அவர்கள் வீட்டுக் கதை. யோசித்து யோசித்து, ஒரு நாள் ராணியின் கிரீம் போத்தலை அவர் மேசையில் வைத்தேன். "கழுவி முடிஞ்சதும் பூசுங்க. அவளுக்கு நல்லாக் கேக்குது" என்றேன். போத்தலில் இருந்த நாய்ப் படத்தை அவர் பார்த்தார், என்னைப் பார்த்தார், கதிரையில் சாய்ந்து விழுந்து விழுந்து சிரித்தார். "நாய்க்குக் குடுக்கிற மருந்தை டொக்டருக்கே எழுதிட்டீங்க!" ஆனால் பூசினார். இரண்டு கிழமையில் வெடிப்பு மூடியது. அதன் பிறகு ஒரே போத்தல், இரண்டு பேருக்கு. ஓட்ஸ் மணமும் ஏதோ ஒரு பூவின் மணமும் கலந்த கிரீம் அது. ராணியின் முதுகிலும் டொக்டரின் கைகளிலும் ஒரே மணம் அடித்தது.

பிறகு நோய்க் காலம் வந்தது. ஊரடங்கும் முகக்கவசமுமாக நாட்கள் போயின. கிளினிக்கைச் சில மணி நேரம்தான் திறந்தோம். ஒரு நாள் பின்னேரம் அன்ரி ராணியையும் ராசாவையும் கூட்டிவந்தார். வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்ததில் ராசாவுக்கு வயிற்றடியெல்லாம் சிக்கு. ராணி மாடியில் வெயிலில் படுத்துத் தூங்கி முதுகைச் சுட்டுக்கொண்டிருந்தாள். டொக்டர் காலையில் இருந்தே இருமிக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போங்கள் என்று சொன்னேன். "இவளைப் பாத்திட்டுப் போறன்" என்றார். கையுறையைக் கழற்றி, வழக்கம் போல் கண்ணை மூடி, கழுத்தில் கையை வைத்தார். ராணி சிணுங்கி விலகினாள். அவர் கைக்கு அவள் விலகியதே கிடையாது. எனக்குச் சட்டென்று விளங்கியது. எந்த நாளும் அவளுடைய உடம்புதான் அவர் கையைவிடச் சூடு. அன்றைக்கு அவருடைய கை அவளைச் சுட்டது.

கழுவப் போனவர் பைப்படியின் சிமெந்துக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். குனிய முடியவில்லை, மூச்சு வாங்கியது. நான் கிட்டப் போனபோது தூர நில்லுங்கள் என்று கையைக் காட்டினார். நான் நிற்கவில்லை. ரின்னைத் திறந்து, ஒரு பிடி மண் எடுத்து, நீட்டிய கைகளில் வைத்தேன், தண்ணீர் விட்டேன். அவர் குழைத்து முழங்கை வரை பூசினார். பிறகு நான் கோப்பையால் ஊற்ற ஊற்ற அவர் கழுவினார். உதடு மட்டும் அசைந்தது. நானும் மனதுக்குள் எண்ணினேன். ராணி தன் இடத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இடையில் துறைமுகத்துக்குள் வந்த கோதுமைக் கப்பல் ஒன்று ஊதியது. ராணி அதற்குப் பதிலாக ஊளையிட்டாள். முடிந்ததும் அவர் "சரி" என்றார். சட்டைப்பையில் பிஸ்கற்றைத் தேடினார், இல்லை. ராணியைப் பார்த்து வெறும் கையை விரித்துக் காட்டிவிட்டு எழுந்தார். ஓட்டோ பிடிக்கிறேன் என்றேன். ஊரடங்கு நேரத்தில் ஓட்டோ எங்கே என்று கேட்டுவிட்டு, மோட்டார்சைக்கிளில் ஏறிப் போனார்.

அவர் பாலத்தைத் தாண்டவில்லை. பாலத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு நிலத்தில் உட்கார்ந்துவிட்டாராம். அங்கிருந்தே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூச்சுக்குக் குழாய் வைத்தார்கள். அவர் வீட்டுக்குத் திரும்பவில்லை. அந்த நோயில் இறந்தவர் எந்தச் சமயத்தவரானாலும் எரிக்கத்தான் வேண்டும் என்பது அந்த நேரத்து விதி. குளிப்பாட்டக்கூடாது, மூடிய உறையைத் திறக்கக்கூடாது. அவரையும் அப்படித்தான் செய்தார்கள். எங்கள் சமயத்தில் எரிப்பது வழக்கம். என் அப்பாவை எரித்தபோது அது எனக்குக் குறையாகத் தெரியவில்லை. அப்பாவைக் குளிப்பாட்டி, வேட்டி உடுத்தி, அவருக்கு உரிய முறையில் அனுப்பினோம். டொக்டருக்கு உரியது வேறு. தொழப் போகுமுன் ஏழு தரம் கழுவிய மனிதருக்குக் கடைசியில் ஒரு கோப்பைத் தண்ணீர் இல்லை. பிறந்த ஊரில் அத்தனை மண் இருந்தும் ஒரு பிடி இல்லை. தனிமைப்படுத்தி என்னை வீட்டுக்குள் வைத்திருந்தபோதுதான் செய்தி வந்தது. குசினியில் நின்று வாய்விட்டு அழுதேன். ஆருக்காக அழுகிறாய் என்று அம்மா கதவுக்கு வெளியில் நின்று கேட்டார். என்ன உறவு சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

எனக்கு நோய் வரவில்லை. கிளினிக்கை மறுபடி திறந்தபோது வேறு ஒன்று வந்தது. பின்னேரங்களில், நான் ராசாவின் முடிக்குள் தலையைப் புதைத்துச் சிக்கு எடுத்துக்கொண்டிருக்கும்போது, பின்னால் தண்ணீர் விட்டு விட்டு விழும். எழுந்து போய்ப் பார்த்தால் பைப் இறுக்கி மூடியிருக்கும், நிலம் காய்ந்திருக்கும். மூளை குழம்பிப்போச்சு என்று என்னையே திட்டிக்கொண்டு திரும்பி வருவேன். ராணியைத் திட்ட முடியாது. குளித்து முடிந்ததும் அவள் நேராகப் பைப்படிக்குப் போவாள், தண்ணீர் தெறிக்காத அந்தத் தூரத்தில் உட்காருவாள். ஆள் இல்லாத கட்டைப் பார்ப்பாள். அவள் தலை ஒரு முறை அசையும், கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை. நான் பிஸ்கற்றைப் போட்டால் முகர்ந்துவிட்டு விட்டுவிடுவாள்.  கிரீம் போத்தலின் மூடியைத் திறந்தால் அவருடைய கைதான் மணக்கும். வேறு கிரீம் மாற்றிப் பார்த்தேன், ராணியின் தோலுக்கு ஒத்துவரவில்லை. திரும்ப அதையே வாங்கினேன்.

டொக்டரின் மனைவி இத்தா முடிந்த பிறகுதான் வந்தார். கணவர் இறந்தால் அவர்கள் சில மாதங்கள் வெளியே வராமல் வீட்டில் இருப்பார்கள். கறுப்பு அபாயாவும் முகக்கவசமுமாக முன் அறையில் நின்றவரை எனக்கு முதலில் தெரியவில்லை. அதற்கு முன் அவர் கிளினிக்குக்கு வந்ததே இல்லை. டொக்டரின் வெள்ளைக் கோட்டையும் ஸ்டெதஸ்கோப்பையும் எடுத்துப் பையில் வைத்தேன். அவர் பையை வாங்காமல் பின் அறையைப் பார்த்தார். மேசையில் ராணி, குளித்த ஈரத்தோடு.

"இதுவா ராணி?"

"ஓம் ராத்தா."

"வீட்டுல இதப் பத்தித்தான் கதைப்பார். ஒரு பொம்புளப் புள்ளைக்கு உடுக்க ஒண்டுமில்ல எண்டு சொல்லிச் சிரிப்பார்." மேசைக்கு ஒரு அடி கிட்ட வந்தார். "கடைசியா இங்க வந்த அண்டைக்கு, இதத் தொட்டவரா?"

"தொட்டவர்."

"கழுவினவரா?"

ராத்தா இவ்வளவு நாளும் இத்தாவில் இருந்து எதை நினைத்துக்கொண்டிருந்தார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆஸ்பத்திரியிலும் கழுவவில்லை, அதற்குப் பிறகும் கழுவவில்லை. கடைசியாக டொக்டரின் உடம்பில் தண்ணீர் பட்டது இங்கேதான். நாயின் ஈரத்தோடு போனாரா, கழுவிவிட்டுப் போனாரா என்பதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் நான்.

"குனிய ஏலாமல் இருந்தவர் ராத்தா. நான்தான் ஊத்தினன்."

"மண்ணும் போட்டாரா?"

"போட்டவர். என்ட கையால எடுத்துக் குடுத்தனான்."

"ஏழு?"

"ஓம். ஏழு."

ராத்தா பைப்படிக்கு வந்தார். ரின்னைத் திறந்து, ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தார். "எங்கட வளவு மண்" என்றார். பிறகு அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. திரும்பி வந்து, அபாயாவின் கையை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டு, ராணியின் ஈர முதுகில் உள்ளங்கையை வைத்தார். ராணி அசையவில்லை. கழுத்தில் இருந்து வால் வரை மெல்லத் தடவினார். டொக்டர் வீட்டில் எப்படிச் சொல்லியிருப்பாரோ, அதே மாதிரி. கை பிசுபிசுக்கும் வரை தடவிவிட்டுப் பைப்படிக் கட்டின் மேல் போய் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் நீட்டினார்.

"ஊத்துங்க தங்கச்சி. அவருக்கு ஊத்தின மாதிரி."

மண்ணைக் கொடுத்தேன், தண்ணீர் விட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கழுவினார். ராணி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். மண்ணோடு விட்டதை ஒன்று என்று வைத்து நான் எண்ணி எண்ணி ஊற்றினேன். ஆறாவது கோப்பையை ஊற்றியதும் என் கை தானாக இறங்கியது. முடிந்துவிட்டது என்று கைக்குத் தோன்றியது. எண்ணிக்கையோ ஆறில் நின்றது. அப்போதுதான் கப்பல் ஊதியது எனக்கு நினைவு வந்தது. அன்றைக்கு அது ஊதியதும், ராணி ஊளையிட்டதும், நான் திரும்பிப் பார்த்ததும், அவர் "சரி" என்றதும். திரும்பிப் பார்த்தபோது என் கையில் இருந்த கோப்பை நிறைந்திருந்ததா, வெறுமையா? எவ்வளவு யோசித்தாலும் அந்தக் கோப்பைக்குள் என்னால் பார்க்க முடியவில்லை. அவர் மனைவி கைகளை நீட்டியபடி காத்திருந்தார். ஏழாவதை ஊற்றினேன். அவர் கண்ணைத் திறந்து கைகளைப் பார்த்து, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். முகக்கவசம் நனைந்து போகும்வரை அழுதார். எழுந்தபோது முகத்தில் இருந்த இறுக்கம் இளகியிருந்தது. பையை எடுத்துக்கொண்டார். ரின்னை நீட்டினேன், "இது இங்க இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குள் இருந்த சந்தேகத்தை நான் அவரிடம் சொல்லவில்லை. இனியும் சொல்லமாட்டேன். அவருக்குக் கிடைத்த நிம்மதியில் கைவைக்க நான் யார்?

இப்போது கிழமையில் மூன்று நாள் வேறொரு டொக்டர் வருகிறார். கெட்டிக்காரர், கையுறை கழற்றமாட்டார். அன்ரி கைத்தடியோடு நடக்கிறார். ராசாவின் முடி ஐதாகிவிட்டது, சிக்கும் குறைவு. ராணிக்கு ஒரு கண்ணில் பூ விழுந்துவிட்டது, முதுகெல்லாம் வயதின் கறுப்புப் புள்ளிகள். அவளுடைய தோலை இப்போது நான்தான் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்க்கிறேன். அவருடைய விரலுக்குத் தெரிந்ததில் பாதியாவது தெரிகிறதா என்று எனக்கே சந்தேகம். குளித்து முடிந்ததும் அவள் இன்னும் பைப்படிக்குத்தான் போகிறாள். மேசையில் இருந்து நான் இறக்கிவிடவேண்டும், அவ்வளவுதான், மற்றபடி வழி அவளுக்குத் தெரியும்.

நானும் பின்னால் போவேன். ரின்னை நான் திறப்பதில்லை. மண் அன்றைக்கே போட்டாயிற்று, என் கையாலேயே கொடுத்தேன், அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஒரே ஒரு கோப்பைத் தண்ணீர் பிடிப்பேன். நிறைந்திருக்கிறதா என்று குனிந்து பார்ப்பேன். அவர் உட்கார்ந்திருந்த கட்டின் மேல், அவர் கை நீட்டிய இடத்தில், மெல்ல ஊற்றுவேன். அன்றைக்கு ஏழும் சரியாக விழுந்திருந்தால் இது வீண் தண்ணீர், போகட்டும். விழுந்திருக்காவிட்டால் இதுதான் அது. தண்ணீர் ஓடி முடியும்வரை ராணி பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு நான் பிஸ்கற்றைப் போடுவேன். அந்த ஒரு கோப்பை ஊற்றினால் மட்டும் அவள் அதைச் சாப்பிடுகிறாள்.